பகடையில் விழுந்த மதிப்பெண்ணும் பங்கிட்டுக் கொண்ட மதிப்பெண்ணும்

ஜூலை 4, மாலை: கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) கதை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஒரு நெடுங்கதையைத் தொடங்கியிருக்கிறோம். ஆடுவது ஐந்து பேர். நடத்துவது எங்கள் வீதியில் இருக்கும் அண்ணன் ஒருவர். நான்கு பகடைகளை உருட்டி, சிறியதை விலக்கி, மீதி மூன்றைக் கூட்டும் முறையில் பாத்திரத்தின் ஆறு திறன்களுக்கும் மதிப்பெண் எடுத்தோம். ஒருவருக்கு 17, 16, 15, 14, 13, 11 விழுந்தது. எனக்கு 13, 12, 11, 10, 9, 7. "விழுந்தது விழுந்ததுதானுங், அப்படியே ஆடுங்க" என்கிறார் அண்ணன். இது நியாயமா? புள்ளி கொடுத்து மதிப்பெண் வாங்கும் பாயிண்ட் பை முறைக்கு மாறச் சொல்லிக் கேட்கலாமா, அல்லது நான்தான் வீணாகக் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறேனா?

ஜூலை 4, இரவு

தாராளமாகக் கேட்கலாம். உங்கள் ஆறு எண்களின் கூட்டுத்தொகை 62, அவருடையது 86. ஆட்டத்தில் உண்மையாக வேலை செய்வது மதிப்பெண்ணிலிருந்து பிறந்து பகடையோடு கூடும் மாடிஃபையர்தான் (பத்துக்கு மேல் ஒவ்வோர் இரண்டுக்கும் ஒன்று கூடும், கீழே போனால் குறையும்) என்பதால் அதையும் கூட்டிப் பார்த்தேன். அவருக்கு +11 வருகிறது, உங்களுக்கு −1.

இந்த வித்தியாசம் மேசையில் எப்படித் தெரியும் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். இருவரும் முதல் நிலை ஃபைட்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். இனத்தாலோ பின்னணியாலோ வரும் கூடுதலை இருவருக்கும் விட்டுவிடுவோம். இருவரும் தங்கள் மிகப் பெரிய எண்ணை ஸ்ட்ரெங்த்தில் வைத்தால் அவருக்கு +3, உங்களுக்கு +1. பயிற்சிக்கான +2 இருவருக்கும் பொது. எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அவனைத் தாக்க எட்ட வேண்டிய எண், 13 என்றால் அவர் இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் உருட்டினால் போதும், அதாவது 65 சதவீதம். நீங்கள் 10 உருட்ட வேண்டும், 55 சதவீதம். இதுவரை பார்த்தால் பத்துச் சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அதே மாடிஃபையர் காயத்திலும் கூடுகிறது. எட்டு முகப் பகடை உருட்டும் வாளுக்கு அவருடைய சராசரி 7.5, உங்களுடையது 5.5. இரண்டையும் பெருக்கினால் ஒரு வீச்சுக்கு அவர் சராசரியாக 4.9 காயம் தருகிறார், நீங்கள் 3.0. அவர் மூன்று வீச்சில் முடிக்கும் வேலையை நீங்கள் ஐந்து வீச்சில் முடிப்பீர்கள். இது சண்டையில் மட்டுமே. பேச்சு, ஏறுதல், ஒளிதல், விஷத்தைத் தாங்குதல் என்று ஒவ்வொன்றிலும் அவர் உங்களைவிடச் சராசரியாக இரண்டு முன்னால் நிற்கிறார்.

இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள். ஐந்து பேருக்குமே 17, 16 என்று விழுந்திருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. எதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஆட்டம் சரியாகிவிடும். ஐந்து பேருக்கும் 13, 12 என்று விழுந்திருந்தாலும் அப்படியே, எதிரிகளைக் குறைத்தால் போயிற்று. உலகத்துக்கும் வீரர்களுக்கும் இடையே உள்ள சமநிலையை நடத்துபவர் ஒவ்வொரு வாரமும் திருத்த முடியும். ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு இடையே உள்ள சமநிலையை அப்படித் திருத்த முடியாது. 86க்குச் சவாலாக இருக்கும் எதிரி 62ஐக் கொன்றுவிடுவான். 62க்குப் பொருத்தமானவனை 86 ஒரே சுற்றில் முடித்துவிடுவார்.

ஜூலை 5

"உனக்கு மட்டும் கெட்ட நேரம், முறை சரியான முறைதான்" என்று அண்ணன் சொல்லக்கூடும் என்பதால் இதைச் சேர்க்கிறேன்.

மூன்று பகடைகளை மட்டும் உருட்டினால் ஒரு மதிப்பெண்ணின் சராசரி 10.5. நான்கில் சிறியதை விலக்கினால் சராசரி 12.24 ஆக உயர்கிறது. 18 விழும் வாய்ப்பும் 216இல் 1 என்பதிலிருந்து 1296இல் 21 என்று, மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆறு எண்களும் சேர்ந்து சராசரியாக 73.5 வரும். ஐந்தாம் பதிப்பு தரும் நிலையான வரிசை 15, 14, 13, 12, 10, 8. அதன் கூட்டுத்தொகை 72. ஆக, சராசரியைப் பார்த்தால் உருட்டுவதும் நிலையான வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான். உருட்டுபவர்களுக்கு ஒன்றரைப் புள்ளி லாபம்கூட.

சராசரி ஒன்றாக இருப்பதைக் காட்டித்தான் பலர் இந்த விவாதத்தை மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பரவலை. இந்த முறையில் இரண்டு பேர் உருட்டினால் அவர்களுடைய கூட்டுத்தொகைகளுக்கு இடையே சராசரியாக 8 புள்ளி வித்தியாசம் விழும். ஐந்து பேர் உருட்டினால் முதலில் நிற்பவருக்கும் கடைசியில் நிற்பவருக்கும் இடையே சராசரியாக 16 புள்ளி இருக்கும். உங்கள் மேசையில் 24 விழுந்தது சற்று அதிகம்தான். ஆனால் 16 என்பது இந்த முறையின் வழக்கமான விளைவு, கெட்ட நேரத்தின் கணக்கில் அதை எழுத முடியாது.

ஜூலை 6

சிறு குறிப்பு. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதற்கு ஒரு காப்பு இருந்தது. ஆறு மாடிஃபையர்களின் கூட்டுத்தொகை பூஜ்யமோ அதற்குக் கீழோ இருந்தாலும், மிகப் பெரிய மதிப்பெண் 13ஐத் தாண்டாவிட்டாலும், அந்த ஆறையும் கைவிட்டு மறுபடி உருட்டலாம். உங்களுடையது இரண்டு நிபந்தனைகளிலும் தேறுகிறது. உருட்டும் முறையை விரும்பியவர்களே அதற்கு ஒரு தரை போட்டுத்தான் ஆடினார்கள் என்பதை அண்ணனுக்குச் சொல்லலாம்.

ஜூலை 9

கரூரிலிருந்து எழுதிய ஒருவர், "பழைய ஆட்டத்தில் மூன்று பகடைதான், அதுவும் வரிசை மாற்றாமல். அப்போது யாரும் சமநிலை பற்றிப் பேசவில்லை. இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் புலம்பல்" என்கிறார். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. அதற்கான காரணத்தைப் பார்த்தால் இரண்டாம் பாதி நிற்காது.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் விதிநூல்களில் மூன்று பகடைகளைக் கூட்டுவதுதான் முறை. உருட்டுபவரே ஆட்டத்தை நடத்துபவர் என்றுதான் அங்கு இருக்கிறது. ஆனால் அந்த எண்கள் செய்த வேலை மிகக் குறைவு. ஸ்ட்ரெங்த் 18 இருந்தாலும் ஃபைட்டரின் வீச்சிலோ காயத்திலோ ஒன்றும் கூடாது. வகுப்புக்கு, அதாவது பாத்திரத்தின் தொழிலுக்கு, உரிய முதன்மைத் திறன் 15ஐத் தொட்டால் அனுபவப் புள்ளியில் பத்துச் சதவீதம் கூடும். கான்ஸ்டிடியூஷன் (உடலுறுதி) உயர்ந்திருந்தால் உயிர்ப்புள்ளியில் ஒன்று, டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) உயர்ந்திருந்தால் அம்பு எய்வதில் ஒன்று. கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி), எத்தனை ஆட்களை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தீர்மானித்தது. மதிப்பெண் 9 வாங்கியவரும் 16 வாங்கியவரும் ஒரே குகைக்குள் ஏறக்குறைய ஒரே பலத்துடன்தான் இறங்கினார்கள். அங்கே புலம்ப ஒன்றுமில்லை.

எண்ணுக்குக் கனம் வந்தது பிறகுதான். 1975இல் வந்த இணைப்பு நூல் ஸ்ட்ரெங்த்தை வீச்சோடும் காயத்தோடும் இணைத்தது. 1978இன் அட்வான்ஸ்டு விதிநூலில் ஸ்ட்ரெங்த் 8 முதல் 15 வரை சண்டையில் ஒரு மாற்றமும் தராது, 16இல்தான் காயம் ஒன்று கூடும். பயன் எல்லாம் உச்சியில் குவிந்திருந்தது. அதனால்தான் கைகாக்ஸே அந்த நூலில், பாத்திரம் பிழைத்திருக்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு திறன்களாவது 15 அல்லது அதற்கு மேல் இருப்பது அவசியம் என்ற பொருளில் எழுதினார். அடுத்த ஆண்டு, 1979இல், நடத்துபவருக்கான நூலில் நான்கு மாற்று முறைகள் வந்தன. முதலாவது, உங்கள் அண்ணன் பின்பற்றும் அதே நான்கு பகடை முறை. எண்ணின் கனம் கூடக் கூட மக்கள் பெரிய எண்ணைத் தேடினார்கள், பெரிய எண்ணைத் தரும் முறைகள் பிறந்தன. 2000இல் ஆறு திறன்களுக்கும் ஒரே சூத்திரம் வந்தது: பத்துக்கு மேல் ஒவ்வோர் இரண்டுக்கும் ஒன்று கூடும், கீழே போனால் குறையும். அன்றிலிருந்து நடுவில் உள்ள எண்களும் உறைக்கத் தொடங்கிவிட்டன.

ஆகவே கரூர்க்காரரிடம் நான் கேட்பது இது. முறை 1979ஐச் சேர்ந்தது, எண்ணின் கனம் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துவிட்டு 1974இன் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

ஜூலை 10

பாலடின் என்ற புனித வீரர் வகுப்பைப் பற்றி ஒருவர் நினைவூட்டினார். 1978இன் விதிப்படி பாலடின் ஆவதற்குக் கரிஸ்மா 17 தேவை. மூன்று பகடையில் 17 அல்லது 18 விழ 216இல் 4தான் வாய்ப்பு. அபூர்வமாக வருவதால் அந்த வகுப்பு பலமாக இருக்கலாம் என்பது அந்தக் காலத்து வாதம். எனக்கு அது ஒருபோதும் ஏற்புடையதாக இருந்ததில்லை. ஏற்கனவே பகடை யார் பக்கம் சாய்ந்ததோ அவருக்கே பலமான வகுப்பின் கதவும் திறக்கிறது. அதிர்ஷ்டம் இரண்டு முறை எண்ணப்படுகிறது. நூறு மேசைகளை மொத்தமாகப் பார்ப்பவருக்கு அது சமநிலையாகத் தெரியலாம். பாலடின் இருக்கும் அந்த ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் மற்ற நால்வருக்கு அபூர்வம் என்ற சொல்லால் ஒரு பயனும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

பகடையே வேண்டாம் என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பகடையில் வளர்ந்தவன். காங்கயம் பக்கம் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில், வெயில் தாழும்வரை வெளியே விட மாட்டார்கள். சிவப்புச் சிமென்ட் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் வளையல் துண்டும் காய்களாக வைத்துத் தாயம் ஆடுவோம். இரண்டு பித்தளைக் கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, சூடேறும்வரை தேய்த்து, தரையில் விரலால் சுண்டி உருட்டுவார் அமுச்சி. கட்டை நிற்பதற்குள் எண் என்னவென்று சொல்லிவிடுவார்.

தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. வெறும் முகம், ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகங்கள். இரண்டு கட்டைகளுக்கு 16 சேர்க்கைகள். அவற்றில் தாயம் 2. எட்டில் ஒரு பங்கு. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போவதற்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலான வாய்ப்பு இருக்கிறது. எல்லாரும் காயை ஓட்டிக்கொண்டிருக்க ஒருவர் மட்டும் வெளியே உட்கார்ந்திருப்பது எங்கள் வீட்டில் வழக்கமாக நடந்ததுதான். யாரும் அதை அநியாயம் என்று சொன்னதில்லை. ஏனென்றால் அடுத்த சுற்றில் கட்டை மறுபடி அவர் கைக்கு வரும். இந்த ஆட்டம் போனால் காப்பிக்குப் பிறகு அடுத்த ஆட்டம் இருக்கிறது.

எத்தனை முறை உருட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சண்டையில் இருபது முகப் பகடையை ஒரே இரவில் பல முறை உருட்டுகிறோம். ஒருவர் இன்று தவறவிட்டால் நாளை வாங்கிவிடுவார். மதிப்பெண்ணுக்கான உருட்டலோ ஒரே ஒரு முறை நடக்கிறது, அதன் பலன் கதை முடியும்வரை நிற்கிறது. பழைய ஆட்டத்தில் பாத்திரங்கள் அடிக்கடி செத்தன. புதிய பாத்திரம், புதிய உருட்டல்; ஓர் ஆண்டில் ஒருவர் கையில் பல பாத்திரங்கள் வந்துபோக, அதிர்ஷ்டம் தானாகச் சமனப்பட்டது. இன்று ஒரே பாத்திரத்தை இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு வளர்க்கிறோம். சாவு குறைந்ததும் மறு உருட்டலும் குறைந்துவிட்டது. கரூர்க்காரருக்கு 9ஆம் தேதி எழுதிய பதிலில் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஜூலை 14

"நிலை உயர உயர வித்தியாசம் மறைந்துவிடாதா?" என்று கேள்வி. மெதுவாகக் குறையும். ஐந்தாம் பதிப்பில் பெரும்பாலான வகுப்புகளுக்கு 4ஆம், 8ஆம் நிலைகளில் இரண்டிரண்டு புள்ளி கூடுகிறது, உச்சவரம்பு 20. 17இல் தொடங்கியவர் 8ஆம் நிலையில் 20ஐத் தொட்டு, கையில் ஒரு புள்ளி மீதியும் வைத்திருப்பார். 13இல் தொடங்கியவர் அப்போதுதான் 17க்கு வருவார், அதாவது மற்றவர் புறப்பட்ட இடத்துக்கு. வாரம் ஒருமுறை கூடும் மேசைக்கு 8ஆம் நிலை என்பது பல மாதத் தொலைவு. பெரும்பாலான கதைகள் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே, யாருக்காவது வேலை மாற்றலோ கல்யாணமோ வந்து கலைந்துவிடுகின்றன.

ஜூலை 16

இப்போது பாயிண்ட் பை. ஐந்தாம் பதிப்பில் 27 புள்ளி. 8க்கு விலை இல்லை, 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி, 14க்கு மொத்தம் 7, 15க்கு 9. நிலையான வரிசையைக் கூட்டிப் பாருங்கள், சரியாக 27 வரும். மேலே போகப் போக விலை ஏறுவது நல்ல ஏற்பாடு.

ஆனால் அந்த விலைப்பட்டியல் ஆறு திறன்களுக்கும் ஒன்றே என்பதில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. டெக்ஸ்டெரிட்டிக்கு என்னென்ன கிடைக்கிறது என்று பாருங்கள்: வில்லின் குறி, வில்லின் காயம், குறுவாள் போன்ற லேசான ஆயுதங்களின் குறியும் காயமும், ஆர்மர் கிளாஸ், சண்டையில் முந்திக்கொள்ளும் உரிமை, நெருப்புக் குண்டிலிருந்து தப்புதல், ஒளிந்து நடத்தல். ஸ்ட்ரெங்த்துக்குக் கிடைப்பது கனமான ஆயுதங்கள், கனமான கவசம், சுமை, ஏறுதல், மல்லுக்கட்டு. இரண்டும் 15 ஆக இருந்தால் இரண்டுக்கும் 9 புள்ளிதான். சந்தையில் கறவை மாட்டுக்கும் காளைக்கும் ஒரே விலை சொல்வதைப் போன்றது இது.

ஸ்டீவ் ஜாக்சனின் கர்ப்ஸ் இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தது. 1986இல் வந்த அந்த ஆட்டத்தில் நான்கே திறன்கள், எல்லாரும் புள்ளி கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2004இல் வந்த நான்காம் பதிப்பில் வலிமைக்கும் உடல்நலத்துக்கும் ஒரு படிக்கு 10 புள்ளி, டெக்ஸ்டெரிட்டிக்கும் அறிவுக்கும் 20 புள்ளி என்று விலையைப் பிரித்தார்கள். பின்னிரண்டும் ஏராளமான கைத்தொழில்களையும் கலைகளையும் தூக்கி நிறுத்துகின்றன. பயன் இரட்டிப்பு, விலையும் இரட்டிப்பு.

அங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. மூன்று பகடைகளை உருட்டித் திறனுக்குச் சமமாகவோ கீழாகவோ வந்தால் வெற்றி. திறன் 10 என்றால் வெற்றி 50 சதவீதம், 11க்கு 62.5, 12க்கு 74, ஆனால் 15க்கும் 16க்கும் இடையே 95இலிருந்து 98 மட்டுமே. நடுவில் உள்ளவருக்கு ஒரு படி பெரும் மாற்றம், உச்சியில் உள்ளவருக்கு அதே படி சொற்பம். இருபது முகப் பகடையில் ஒவ்வொரு படியும் எங்கே நின்றாலும் ஐந்து சதவீதம்தான். "டி அண்ட் டியில் மதிப்பெண் 16, கர்ப்ஸில் மதிப்பெண் 16" என்று இரண்டையும் ஒப்பிட்டு ஒருவர் எழுதியிருந்தார். எண் ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது.

ஜூலை 20, ஞாயிறு

விலைப்பட்டியலை மாற்ற முடியாத மேசையில் என்ன செய்வது? எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

பீளமேட்டில் ஒரு நண்பரின் மாடி அறையில் கூடுகிறோம். பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர் ஒருவர் திருப்பூரிலிருந்து வரும்போது கட்டிங்கில் விழுந்த துணியைக் கொண்டுவந்து மேசையில் விரித்துவிடுவார்; பகடை சத்தமில்லாமல் உருண்டு நிற்கும். நான் நடத்தும் கதை பழைய கொங்கு நாட்டில் நடக்கிறது. நொய்யல் கரையில் கொடுமணலில் கல்மணி செய்யும் பட்டறைகளிலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் வணிகச் சாத்து. பாத்திரங்கள் அதன் காவலர்கள். எல்லாரும் பாயிண்ட் பை, எல்லாருக்கும் 27. காகிதத்தில் இதைவிடச் சமமாக எதுவும் இருக்க முடியாது.

ஆனாலும் சில வாரங்களில் வில்லாளியின் கை ஓங்கிவிட்டது. அவர் தூரத்திலிருந்தே எய்தார், முதலில் எய்தார், யார் கண்ணிலும் படாமல் எய்தார். ஸ்ட்ரெங்த்தில் புள்ளியைக் கொட்டியிருந்த ஃபைட்டர் எதிரியை நோக்கி ஓடி முடிப்பதற்குள் சண்டை முடிந்துவிடும். அந்த வீரராக ஆடிய தம்பி பகடையைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருப்பார். அவருடைய முறை வரும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது.

நான் விதியைத் தொடவில்லை, கேட்கும் கேள்விகளை மாற்றினேன். நொய்யலில் வெள்ளம் வந்து, மணல் இழுக்கும் துறையில் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதைந்தது. மிரண்ட காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கணவாயில் வழிமறித்தவர்களில் ஒருவனை உயிரோடு பிடித்து வந்தால்தான் வணிகக் குழு கூலி தரும் என்று ஆனது. அம்பால் ஆளை உயிரோடு பிடிக்க முடியாது, கட்டிப் பிடித்துத்தான் அமுக்க வேண்டும். அந்த இரவில் தம்பி எதிரியைக் கழுத்தோடு மடக்கித் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, வில்லாளி அம்பைத் தொடுத்தபடி யார் மேல் விடுவது என்று தெரியாமல் நின்றார். மேசையே அந்த உருட்டலைப் பார்க்க முன்னால் சாய்ந்தது.

மதிப்பெண்ணின் உண்மையான விலையை எழுதுவது விதிநூல் மட்டும் இல்லை. நடத்துபவர் எதைக் கேட்கிறாரோ அதுதான் மதிப்புப் பெறுகிறது. ஒரு கூட்டத்தில் ஒருமுறைகூட ஸ்ட்ரெங்த்தைக் கேட்காத மேசையில் ஸ்ட்ரெங்த் 18 வெறும் மை. இன்டெலிஜென்ஸை யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அதில் எல்லாரும் 8 வைக்கிறார்கள். பகடையா பாயிண்ட் பையா என்று சண்டை போடுவதற்கு முன்னால், கடந்த சில கூட்டங்களில் எந்தத் திறனை எத்தனை முறை உருட்டச் சொன்னோம் என்று நடத்துபவர் ஒரு தாளில் கோடு போட்டுப் பார்க்கட்டும்.

ஜூலை 21

சுமையை யாரும் கணக்கிடுவதில்லை என்று நேற்றைய குறிப்புக்குப் பதில் வந்திருக்கிறது. நாங்கள் கணக்கிடுகிறோம், சாத்துக் கதையில் அது தேவை. ஐந்தாம் பதிப்பில் ஒருவர் தூக்கிச் செல்லும் அளவு ஸ்ட்ரெங்த்தின் 15 மடங்கு பவுண்ட். ஸ்ட்ரெங்த் 8 என்றால் 120 பவுண்ட், ஏறத்தாழ 54 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டை. ஸ்ட்ரெங்த் 15 என்றால் 102 கிலோ, இரண்டு மூட்டை. ஆயுதமும் கவசமும் இதற்குள்ளேயே அடக்கம். வண்டி உடைந்த இரவில் சரக்கில் எதை விட்டுவிட்டுப் போவது என்று எங்கள் மேசை வாதிட்டது, பல சண்டைகளைவிடச் சூடாக இருந்தது.

ஜூலை 27

வெள்ளகோவிலிலிருந்து ஒருவர் அண்ணன்மார் கதையை எடுத்துக்காட்டியிருக்கிறார். பொன்னர் நிதானமானவர், சங்கர் பலமும் கோபமும் மிக்கவர். ஒன்றாகப் பிறந்த இருவரும் சமமாக இல்லை, ஆனாலும் கதை நிற்கிறதே, பிறகு ஏன் மதிப்பெண் சமமாக இருக்க வேண்டும் என்கிறார். எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது, விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. உடுக்கடித்துப் பாடுபவர் ஒருவர்தான். எந்த இரவில் பொன்னரைப் பாடுவது, எந்த இரவில் சங்கரைப் பாடுவது என்று பங்கிடுவது அவர் கை. மேசையில் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை மட்டும் பிடித்திருக்கிறார்கள். தன் பாத்திரம் பாடப்படாத இரவில் அவருக்கு வேறு பாத்திரம் கிடையாது. மேலும் பொன்னரும் சங்கரும் வெவ்வேறு வகையில் பெரியவர்கள். கோபி வாசகரின் 62 எந்த வகையிலும் அந்த 86ஐவிடப் பெரிதாக இல்லை. வேறுபாட்டுக்கு நான் எதிரி இல்லை. எல்லா வரியிலும் ஒருவரே மேலே இருப்பதுதான் சிக்கல்.

இதோடு சேர்ந்த ஒன்று. அண்ணன் கடைசிவரை சம்மதிக்காவிட்டால் என்ன வகுப்பு எடுப்பது என்று கோபி வாசகர் கேட்டிருந்தார். பல திறன்களை ஒரே நேரத்தில் கேட்கும் வகுப்புகளைத் தவிருங்கள். மங்க்குக்கு டெக்ஸ்டெரிட்டி, விஸ்டம், கான்ஸ்டிடியூஷன் மூன்றும் வேண்டும்; பாலடினும் அப்படித்தான். சொந்த மாடிஃபையரைச் சாராத உதவிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கிளெரிக்கின் பிளெஸ் மந்திரம் மூவரின் வீச்சிலும் தற்காப்பு உருட்டலிலும் நான்கு முகப் பகடை ஒன்றைக் கூட்டுகிறது. போடுபவரின் விஸ்டம் 12 ஆனாலும் 18 ஆனாலும் பலன் ஒன்றே. 2014 விதியில் விலங்காக மாறும் ட்ரூயிட் விலங்கின் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிடியூஷனையே எடுத்துக்கொள்வதால், தன் சொந்த எண்களில் அந்த மூன்றும் தாழ்ந்திருந்தாலும் பாதிப்புக் குறைவு. இவை நல்ல வழிகள். ஆனால் பகடை தாழ்ந்தவர் மட்டும் வகுப்பைத் தேடித் தேடி எடுக்க, உயர்ந்தவர் விரும்பியதை எடுப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

கோபி வாசகரிடமிருந்து செய்தி. அண்ணன் பாயிண்ட் பைக்கு ஒப்பவில்லை. "பகடை இல்லாம பிறக்கற ஆளுக்கு உசுரு இருக்காதுங்" என்றாராம். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். கூடத்தில் நான்கு பகடையும் உருண்டு நிற்கும் அந்த நொடியின் சுவையை 27 புள்ளிப் பட்டியல் தராது. நான் அவர்களுக்குச் சொன்ன நடுவழியை ஏற்றுக்கொண்டார்கள்: ஐந்து பேரும் ஆளுக்கு ஓர் எண்ணை உருட்டுவது, ஆறாவதை அண்ணன் உருட்டுவது, வரும் ஆறு எண்களும் மேசைக்கே பொது. ஒவ்வொருவரும் அதே ஆறு எண்களைத் தங்கள் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளலாம்.

விழுந்தவை 16, 14, 13, 11, 10, 7. கூட்டுத்தொகை 71. அந்த 7ஐ உருட்டியவர் அண்ணனேதானாம். முன்பு 86 வைத்திருந்தவருக்கு முதலில் முகம் வாடியிருக்கிறது. அவருடைய பழைய பாத்திரத்தின் மந்திர மோதிரத்தைப் புதிய பாத்திரத்துக்குக் கொடுத்துச் சமாதானம் செய்திருக்கிறார்கள். அது சரியான செயல். உருட்டியவர் அவர், விதிப்படி உருட்டினார், அவர் இழப்பதை யாராவது கவனிக்கத்தான் வேண்டும்.

7ஐ எங்கே வைப்பது என்பதில்தான் ஐந்து பாத்திரங்களும் பிரிந்துவிட்டன. ஒருவர் கரிஸ்மாவில் வைத்து, சந்தையில் யாரிடமும் வாய் திறக்காத வேடனைச் செய்திருக்கிறார். ஒருவர் ஸ்ட்ரெங்த்தில் வைத்திருக்கிறார், கிழட்டு மந்திரவாதி. கோபி வாசகர் அதை இன்டெலிஜென்ஸில் வைத்து, 16ஐ ஸ்ட்ரெங்த்தில் போட்டு, முதலில் ஆசைப்பட்ட ஃபைட்டரையே எடுத்துவிட்டார். இது ஐந்து பேருக்கும் தனித்தனியே வெவ்வேறு எண்கள் விழுந்திருந்தால் கிடைத்திருக்காத வேறுபாடு. அப்போது யார் மேலே, யார் கீழே என்பதையே எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 5

கடைசியாக இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன.

நடுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தால்? அதே ஆறு எண்கள். அவரையும் உருட்ட வைக்க வேண்டுமென்றால், பொது வரிசையில் ஏதாவது ஓர் எண்ணுக்குப் பதிலாக அவர் உருட்டும் எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று விடுங்கள். ஓர் எண் எங்கே விழுந்தாலும் பெரிய இடைவெளி திறக்காது.

பாத்திரம் செத்தால்? எண்கள் அவையே, ஆனால் அடுக்கை மாற்றிவிட வேண்டும் என்று எங்கள் மேசையில் வைத்திருக்கிறோம். இல்லையென்றால் செத்தவனின் தம்பி என்று சொல்லிக்கொண்டு அதே ஆள், அதே வாள், அதே மீசையுடன் அடுத்த வாரம் வந்துவிடுகிறார். நிலையை மட்டும் மற்றவர்களுக்குச் சமமாகக் கொடுங்கள். முதல் நிலையிலிருந்து தொடங்கச் சொன்னால், மதிப்பெண்ணில் அடைத்த இடைவெளி அங்கே மறுபடி திறந்துகொள்ளும்.